கூட்டணுமா, கழிக்கணுமா?

பக்கத்து வீட்டுப் பையன் நான்காம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் கணக்கு நோட்டோடு வந்து நின்றான்.

"ஆன்ட்டி, இது கூட்டணுமா, கழிக்கணுமா? அதை மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நானே போட்டுக்குறேன்."

கணக்கு இதுதான். ராமுவிடம் 12 மாங்காய்கள் இருக்கின்றன. அது சோமுவிடம் இருப்பதைவிட 4 அதிகம். சோமுவிடம் எத்தனை மாங்காய்கள்?

"நீயே சொல்லேன்" என்றேன்.

"அதிகம்னு போட்டிருக்கு. அப்ப கூட்டணும். 16."

"சரி, சோமுகிட்ட 16 இருக்கு, ராமுகிட்ட 12 இருக்கு. யார்கிட்ட அதிகம்?"

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தான். அப்புறம் கோபமாகச் சொன்னான். "அப்ப கணக்குல 'குறைவு'ன்னுல்ல போட்டிருக்கணும்?"

அவன் மக்கு இல்லை. பதினாறாம் வாய்ப்பாடு வரை தடுக்காமல் சொல்வான். கூட்டல், கழித்தலில் தப்பே வராது. பரீட்சையில் 90-க்குக் குறைந்ததில்லை. ஆனால், 'மொத்தம்னு வந்தா கூட்டு, மீதின்னு வந்தா கழி' என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அவன் கணக்கைப் படிப்பதே இல்லை; அந்த ஒரு வார்த்தையை மட்டும் தேடுகிறான். சின்ன வயதில் எனக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். உங்களுக்கும்தானே?

இதே வியாதி ஒரு நாடு முழுக்க இருந்தது. சிங்கப்பூர்.

நம்பக் கஷ்டமாக இருக்கும். 'பீசா' என்று ஒரு சர்வதேசத் தேர்வு இருக்கிறது (சாப்பிடும் பீட்சா இல்லை). பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2000-ம் ஆண்டிலிருந்து நடத்துகிறது. 15 வயதுப் பிள்ளைகளுக்கு வாசிப்பு, கணக்கு, அறிவியல் மூன்றிலும் சோதனை வைப்பார்கள். பாடப் புத்தகக் கேள்விகள் வராது. தெரிந்ததைத் தெரியாத இடத்தில் பயன்படுத்தத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். 2022-ல் 81 நாடுகளும் பிரதேசங்களும் கலந்துகொண்டன. மூன்று பாடங்களிலும் முதலிடம் சிங்கப்பூருக்குத்தான். கணக்கில் அவர்களின் சராசரி 575. அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரியோ 472.

அந்த நாட்டில்தான் 1980-களின் தொடக்கத்தில் கல்வி அமைச்சகம் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து அதிர்ந்தது. 'மொத்தம்', 'மீதி' மாதிரி துப்புக் கொடுக்கும் வார்த்தைகள் இல்லாமல் கணக்குக் கொடுத்தால், 2 முதல் 4-ம் வகுப்பு வரை பாதிப் பேருக்கு மேல் போடத் தெரியவில்லை. நம் பக்கத்து வீட்டுப் பையனே ஆயிரக்கணக்கில் இருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

என்ன செய்தார்கள்? ட்யூஷனுக்கு அனுப்பச் சொல்லவில்லை. ஹோம்வொர்க்கை இரண்டு மடங்கு ஆக்கவில்லை. பாடம் சொல்லிக் கொடுக்கும் விதத்தையே மாற்றினார்கள். 1980-ல் பாடத்திட்ட மேம்பாட்டுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதில் கோ டெக் ஹாங் என்பவர் தலைமையில் ஒரு குழு, தொடக்கப் பள்ளிக் கணக்குப் புத்தகங்களைப் புதிதாக எழுதியது.

குழந்தை ஒரு விஷயத்தை முதலில் கையால் தொட்டு, பிறகு படமாகப் பார்த்து, அதற்குப் பிறகுதான் எழுத்தாகவும் குறியாகவும் புரிந்துகொள்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் ப்ரூனர் 1960-களில் சொல்லியிருந்தார். சிங்கப்பூர்க்காரர்கள் அதை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்கள். 8+5 என்றால், முதலில் எட்டு கட்டைகள், ஐந்து கட்டைகள். ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டோடு வைத்தால் பத்து; மிச்சம் மூன்று. ஆகப் பதின்மூன்று. கையால் செய்து முடித்த பிறகு, அதையே படமாக வரைவார்கள். 8+5=13 என்று எண்ணில் எழுதுவது கடைசியில்தான்.

நாம் நேரே கடைசிப் படியில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். பல்லாங்குழி ஆடி, புளியங்கொட்டை எண்ணி வளர்ந்த நம் பாட்டிமார் முதல் படியிலிருந்துதான் தொடங்கினார்கள், பாவம், அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பவில்லை.

நடுவில் இருக்கும் அந்தப் படப் படிதான் சிங்கப்பூரின் தனிச்சிறப்பு. 'மாடல் முறை' என்பார்கள். 1983-ல் புத்தகங்களுக்குள் வந்தது. வேறொன்றுமில்லை, நீளமான கட்டங்கள் போடுவது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன், தங்கை இருவரிடமும் சேர்த்து 60 கோலிக்குண்டுகள். அண்ணனிடம் இருப்பதைப் போல மூன்று மடங்கு தங்கையிடம் இருக்கிறது. தங்கை எத்தனை கொடுத்தால் இருவரிடமும் சமமாகும்?

நம் வீட்டுப் பத்தாம் வகுப்பு உடனே x, y என்று ஆரம்பிக்கும். மூன்றாம், நான்காம் வகுப்புக்கு x தெரியாது. கட்டம் தெரியும். அண்ணனுக்கு ஒரு கட்டம் போடுங்கள். கீழே தங்கைக்கு அதே அளவில் மூன்று கட்டங்கள். மொத்தம் நான்கு கட்டங்கள் 60 என்றால், ஒரு கட்டம் 15. இப்போது படத்தைப் பாருங்கள். தங்கையின் கடைசிக் கட்டத்தை அண்ணன் பக்கம் நகர்த்தினால் இரண்டுக்கு இரண்டு. அவ்வளவுதான். 15 கோலிக்குண்டு.

'கூட்டணுமா, கழிக்கணுமா' என்ற கேள்விக்கே இங்கே வேலை இல்லை. யாரிடம் அதிகம், யாரிடம் குறைவு, எது எங்கே நகர்கிறது என்று படம் சொல்லிவிடுகிறது. இந்தக் கட்டங்களைப் போட்டுப் பழகிய பிள்ளைக்கு, மேல் வகுப்பில் அல்ஜீப்ரா வரும்போது x என்பது பூச்சாண்டியாகத் தெரியாது. 'ஓ, அந்தக் கட்டம்தானே' என்றுவிடும்.

இன்னொன்று. ஒரு வருடத்துக்குள் எல்லாவற்றையும் திணிப்பதில்லை. கொஞ்சம் பாடம், ஆனால் நின்று நிதானமாக. அதே பின்னம் அடுத்த வருடம் மறுபடி வரும், கொஞ்சம் ஆழமாக. அதற்கடுத்த வருடம் மறுபடி. பலன் தெரிய பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆயின. 1995-ல் நடந்த 'டிம்ஸ்' என்ற சர்வதேசக் கணக்கு, அறிவியல் தேர்வில் எட்டாம் வகுப்பில் இரண்டு பாடங்களிலும் சிங்கப்பூர் முதலிடம். அதன் பிறகுதான் மற்ற நாடுகள் திரும்பிப் பார்த்து, அந்தப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு போயின.

புத்தகம் வாங்கினால் போதுமா? அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமே.

சிங்கப்பூர் வகுப்பறை ஒன்றும் பத்துப் பிள்ளைகள் உட்காரும் இடம் இல்லை. முதல் இரண்டு வகுப்புகளில் சுமார் 30 பேர். மேலே போனால் 40 வரை உண்டு. நம்மூர் எண்ணிக்கைதான். வித்தியாசம் ஆசிரியரிடம் இருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் பயிற்சி கொடுப்பது தேசியக் கல்விக் கழகம் என்ற ஒரே நிறுவனம். பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை தொழில் பயிற்சி எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. எனக்குப் பிடித்தது இது: நல்ல ஆசிரியர், சம்பளம் உயர வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் நாற்காலிக்குப் போக வேண்டியதில்லை. வகுப்பறையிலேயே இருந்தபடி, இளையவர்களுக்கு வழிகாட்டும் தலைசிறந்த ஆசிரியர் நிலைக்கு உயர முடியும். நம்மூரில் பிரமாதமாகக் கணக்கு நடத்தும் மிஸ் ஒருவரை எச்.எம். ஆக்கி, சத்துணவுக் கணக்கும் கட்டட ரிப்பேரும் பார்க்க வைத்துவிடுகிறோம்.

பையனின் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் கவர்மென்ட் செய்ய வேண்டியது அக்கா. வீட்டுல நான் என்ன செய்யட்டும்? ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து படிக்கத்தான் படிக்கிறான்" என்றார்.

நியாயமான கேள்வி. எவ்வளவு நேரம் உட்கார்ந்தான் என்பதைவிட, உட்கார்ந்து என்ன செய்தான் என்று பார்க்க வேண்டும். 2006-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தி கொடுத்தார்கள். ஒரு சாரார் அதை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி வைத்து, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, இரண்டு முறை படித்தவர்கள்தான் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ். இரண்டு முறை படித்தவர்களுக்கு 42 சதவிகிதம் நினைவிருந்தது. மூடி வைத்து எழுதியவர்களுக்கு 56.

நம் பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் முதல் வகை. கலர் பேனாவால் அடிக்கோடு போடுவார்கள், திரும்பத் திரும்பப் படிப்பார்கள். பார்த்தவுடன் 'எல்லாம் தெரிஞ்ச மாதிரி' இருக்கும். அந்த 'மாதிரி'தான் ஆளைக் கவிழ்க்கிறது. அதனால் அவரிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னேன். பத்து மணி வரை வேண்டாம். சாப்பிடும்போது, "இன்னிக்கு என்னடா நடத்தினாங்க, எனக்குச் சொல்லிக் கொடு" என்று புத்தகம் இல்லாமல் கேளுங்கள். மூன்று நாள் கழித்து அதையே மறுபடி கேளுங்கள். திணறுவான். திணறட்டும், உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள்.

"எனக்கே அந்தப் பாடம் தெரியாதே அக்கா" என்றார். இன்னும் நல்லது. தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் அவனுக்கே எங்கே ஓட்டை என்று தெரியும்.

சிங்கப்பூரைச் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ட்யூஷனுக்காக அங்குள்ள குடும்பங்கள் ஆண்டுக்கு 100 கோடி சிங்கப்பூர் டாலருக்கும் மேல் செலவழிக்கின்றன. 12 வயதில், ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு பொதுத்தேர்வு. அடுத்து எந்தப் பள்ளி என்பதே அதில்தான் முடிவாகும். அந்த வருடம் அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்தே தூக்கம் போகும். 2018 பீசா ஆய்வில், தோற்றுவிடுவோமோ என்ற பயம் மிக அதிகம் இருந்த நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று.

அரசே கவலைப்பட்டுச் சிலவற்றை மாற்றியது. அந்தத் தேர்வின் முதல் மதிப்பெண்காரர் பெயரை வெளியிடுவதை 2012-ல் நிறுத்தினார்கள். 2019-லிருந்து முதல் இரண்டு வகுப்புகளுக்குப் பரீட்சையே கிடையாது. எவ்வளவு மார்க் எடுத்தாலும் அடுத்தவரோடு ஒப்பிட்டே மதிப்பிடும் பழைய முறையை 2021-ல் கைவிட்டார்கள். பரீட்சையைக் குறைத்த பிறகு நடந்த 2022 பீசாவிலும் முதலிடம் போய்விடவில்லை என்பதை, எல்.கே.ஜி.க்கு மாதத் தேர்வு வைக்கும் பள்ளிகள் கவனிக்கலாம்.

நாம் எங்கே இருக்கிறோம் என்றும் கேட்பீர்கள். பீசா 2009 சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. மொத்தம் 74 இடங்கள். இரண்டும் கிர்கிஸ்தானுக்கு மட்டும் மேலே, கடைசி வரிசையில் வந்தன. கணக்கில் தமிழ்நாட்டின் சராசரி 351. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று டெல்லியில் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா சேரவே இல்லை. காய்ச்சல் அடிக்கிறது என்று தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டது போலத்தான் எனக்குப் பட்டது. அதன் பிறகு தமிழ்நாட்டில் நல்ல மாற்றங்களும் வந்தன. 2017-ல் பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது அதில் ஒன்று.

நேற்று சாயங்காலம் பையன் மறுபடி வந்தான். இந்த முறை 'கூட்டணுமா' என்று கேட்கவில்லை. "கட்டம் போட்டுக் காட்டுங்க ஆன்ட்டி" என்றான். "நீ போடு, நான் பார்க்கிறேன்" என்றேன். ராமுவுக்கு நீளமாக ஒன்று, சோமுவுக்குக் குட்டையாக ஒன்று போட்டான். 12-ஐ எங்கே எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்தான். நானும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் நீளக் கட்டத்துக்கு மேலே எழுதிவிட்டு நிமிர்ந்தான். "எட்டு."

கையோடு அவனுக்கு இன்னொன்று கொடுத்தனுப்பினேன். உங்கள் வீட்டிலும் போட்டுப் பாருங்கள். கனகா கையில் இருந்த பணத்தில் பாதிக்குப் புத்தகம் வாங்கினாள். மீதியில் மூன்றில் ஒரு பங்குக்குப் பேனா வாங்கினாள். இப்போது கையில் 80 ரூபாய் இருக்கிறது. முதலில் எவ்வளவு வைத்திருந்தாள்? பெரியவர்கள் x போடக் கூடாது. விடை அடுத்த வாரம்.