தெர்மைட், மின்னல், தூணை ஆட்டின கை

ஒரு கட்டடம் விழுந்தால் இரண்டு கூட்டம் கிளம்பும். ஒன்று, இடிபாட்டுக்குள் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று தேடுகிற கூட்டம். இன்னொன்று, "அது தானா விழலீங்க, விழ வெச்சாங்க" என்று கதை தேடுகிற கூட்டம். இந்தப் பதிவு இரண்டாவது கூட்டத்தைத் திட்டி எழுதப்பட்டது. முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை :-)

கதைகளில் பெரிய கதை 2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க்கில் விழுந்த உலக வர்த்தக மையம். "விமான எண்ணெய் எரிந்தால் இரும்பு உருகாதே! அப்படியென்றால் உள்ளே தெர்மைட் வைத்திருக்கிறார்கள்" என்பதுதான் வாதம். அவிநாசிபாளையத்தில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து டீ குடிக்கிற பையன் செல்போனுக்குக்கூட அந்த வீடியோ வந்துவிட்டது.

தெர்மைட் ஒன்றும் ரகசிய ஆயுதம் இல்லை. ப்ளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் "அலுமினோ வெப்ப ஒடுக்க முறை" என்று இருப்பதுதான். (பப்ளிக் எக்ஸாமுக்குப் படித்துவிட்டு மறுநாளே மறந்தது!) இரும்பு ஆக்சைடு தூள் மூன்று பங்கு, அலுமினியத் தூள் ஒரு பங்கு. பற்றவைத்தால் அலுமினியம் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும்; இரும்பு சுமார் 2500 டிகிரியில் குழம்பாக ஓடும். ஜெர்மனியின் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1890-களில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இந்திய ரயில்வே தண்டவாளத் துண்டுகளை ஒட்டவைக்க இன்றைக்கும் பயன்படுத்துவது இதைத்தான்.

அந்த வெல்டிங்கைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். உருகிய இரும்பு கீழே வடியும், பக்கவாட்டில் பாயாது. அதனால்தான் அச்சுக்கட்டி அதற்குள் ஊற்றுகிறார்கள். செங்குத்தாக நிற்கிற கனத்த தூணைக் குறுக்கே அறுக்க அதைவிடத் தோதில்லாத சரக்கு கிடைப்பது கஷ்டம். அப்படியே அறுக்கும் என்று வைத்துக்கொண்டாலும், நூற்றுக்கணக்கான தூண்களில் யார் கண்ணிலும் படாமல் போய்க் கட்டியது யார்?

முதல் கேள்விக்கு வருவோம். இரும்பு உருகாதே? உருகத் தேவையே இல்லையே! உருக 1500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் 600 டிகிரியிலேயே அது பாதி பலத்தை இழந்துவிடும். கொல்லுப்பட்டறையில் அரிவாள் அடிப்பவர் இரும்பை உருக்கவா செய்கிறார்? சிவக்கக் காய்ச்சுகிறார், சொன்னபடி வளைகிறது. கோபுரங்களில் நடந்ததும் ஏறக்குறைய அதுவே. விமானம் மோதியதில் இரும்பின் மேல் இருந்த தீத்தடுப்புப் பூச்சு உதிர்ந்தது, தளங்கள் சூட்டில் தொய்ந்தன, வெளித்தூண்களை உள்ளே இழுத்தன. அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய நிறுவனம் 2005-ல் சொன்ன முடிவு இது.

ஒரு இடத்தில் எதிர்க்கட்சிக்கு மார்க் போட்டே ஆக வேண்டும். விமானம் மோதாத 47 மாடி ஏழாம் எண் கட்டடமும் அன்று மாலை விழுந்தது. "அது சிறிது நேரம் எந்தத் தடையும் இல்லாமல் விழுந்தது" என்று டேவிட் சாண்ட்லர் என்ற இயற்பியல் ஆசிரியர் கணக்குப் போட்டுக் காட்டினார். 2008 நவம்பரில் வந்த இறுதி அறிக்கை அதை ஒப்புக்கொண்டது: 2.25 வினாடி. உள்தூண்கள் முதலில் போய், வெளித்தூண்களும் எட்டு மாடி உயரத்துக்கு மடங்கிய பிறகு தாங்க எதுவும் இல்லை என்பது விளக்கம். கேள்வி நல்ல கேள்வி, பதிலும் வந்தது. பதில் வந்த பிறகும் அதே கேள்வியைப் புதிது போலப் போட்டுக் கொண்டிருப்பதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை.

"தீயால் மட்டும் எந்த இரும்புக் கட்டடமும் விழுந்ததில்லை" என்று வீடியோவில் கணீரென்று ஒரு குரல் வரும். 2017 ஜனவரி 19 அன்று டெஹ்ரானில் பிளாஸ்கோ கட்டடம் விழுந்தது. இரும்புச் சட்டகம். காலையில் பிடித்த தீ, மதியத்துக்குள் மொத்தமும் தரையில். தீயை அணைக்கப் போனவர்கள் உட்பட 20 பேருக்கு மேல் செத்தார்கள். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? துணி தைக்கிற பட்டறைகள்! அதற்கும் வெடிமருந்துக் கதை கட்டினார்கள். துணி எரிந்தால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அதே 2017-ல் மே 31 அன்று, திருப்பூரில் பிறந்து வளர்ந்த சென்னை சில்க்ஸின் தி.நகர் கடையில் தீப்பிடித்தது. நாள் முழுக்க அணையவில்லை. ஜூன் 1 விடிவதற்குள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. அது கான்கிரீட் கட்டடம். எரிந்தது ஜவுளி.

நிஜமாகவே வெடி வைத்து இடிப்பது எப்படி இருக்கும் என்றும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் 2014 ஜூன் 28 அன்று மழையில் விழுந்து 61 பேர் செத்தார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ல் வெடி வைத்து இடித்தார்கள். செய்தது திருப்பூர் நிறுவனம் ஒன்று! தூண் தூணாகத் துளை போட்டு, மருந்து அடைத்து, சுற்றுப்பட்ட வீடுகளைக் காலி செய்து, டிவி கேமராக்கள் வரிசைகட்டி நிற்க நடந்தது. 11 மாடிக்கே இவ்வளவு ஆர்ப்பாட்டம். 110 மாடிக்கு ஒருவருக்கும் தெரியாமல் செய்தார்களாம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மௌலிவாக்கம் முதல் கட்டடம் ஏன் விழுந்தது என்று கட்டியவர் தரப்பைக் கேட்டபோது வந்த பதில் "இடி விழுந்துவிட்டது". அத்தனை வீடு இருக்க, தூண் பலவீனமான அந்த ஒரு கட்டடத்தை மட்டும் மின்னல் தேடி வந்ததாம்!

இதற்கு ஒரு வருடம் முன்னால், 2013 ஏப்ரல் 24. வங்கதேசத்தின் சாவர். ராணா பிளாசா. 1,134 பேர், பெரும்பாலும் தையல் வேலைக்குப் போன பெண்கள். அனுமதி இல்லாமல் ஏற்றிய மாடிகள், மேலே கனமான ஜெனரேட்டர்கள். முதல் நாளே சுவரில் விரிசல். கீழ்த்தளத்து பேங்க் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலே இருந்த கார்மென்ட்ஸ் ஆட்களை உள்ளே வரச்சொன்னது. அன்றைய உள்துறை அமைச்சர் முகியுதீன் கான் ஆலம்கீர் பிபிசியிடம் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: எதிர்க்கட்சி பந்த் ஆதரவாளர்கள் தூணையும் கேட்டையும் பிடித்து ஆட்டினார்களாம். எட்டு மாடிக் கட்டடத்தை... கையால்!

மின்னல், தூண் ஆட்டின கை, தெர்மைட். மூன்றும் ஒரே குட்டையில் ஊறியவை. மூன்றிலும் குற்றவாளி கண்ணுக்குத் தெரியாத ஒருவர். தெரிகிறவர் தப்பித்துக்கொள்கிறார். வீடியோ அனுப்புகிற தம்பி அதிகாரத்தை எதிர்த்துக் கேள்வி கேட்பதாக நினைத்துக்கொள்கிறார். கட்டட ஓனருக்கு அவரைப் போல வசதியான ஆள் வேறு யாரும் கிடையாது.

திருப்பூரிலிருந்து தாராபுரம் ரோட்டில் கோவில்வழி, அவிநாசிபாளையம், கொடுவாய் என்று போகிறவர்கள் இருபக்கமும் உள்ள பனியன் கம்பெனிகளை ஒருதரம் அண்ணாந்து பார்க்கலாம். கான்கிரீட் மாடிக்கு மேல் ஷீட் போட்ட இன்னொரு மாடி இருக்கிறதா, கட்டிங் வேஸ்ட் மூட்டை படிக்கட்டில் அடுக்கியிருக்கிறதா, பின்பக்கக் கதவுக்குப் பூட்டு போட்டிருக்கிறதா? எத்தனை மாடிக்கு அனுமதி என்பது அந்தந்த உள்ளாட்சி அலுவலகத்திலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் பேப்பரில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.