வாகனப் பவனியும் வளைவுப் பாதையும்

விழாக்காலம் நெருங்குந்தோறும் நம் பழைய மாணவரிடையே ஓர் ஆசை தலையெடுக்கின்றது. கொடி கட்டிய மோட்டார்ச் சைக்கிள்களிலே கண்டி வாவியைச் சுற்றிப் பவனி வரவேண்டுமென்பதே அது. அவர்தம் உற்சாகத்தை நாம் குறைகூறோம். ஆயினும், முன்னொரு பவனியில் தலைக்கவசங்கள் தலையிலன்றி முழங்கையிலே தொங்கியதைக் கண்டோம். ஒரே வண்டியில் மூவர் அமர்ந்து சென்றதையுங் கண்டோம். வீதியோரத்தில் நின்று கைதட்டி ஆரவாரித்தோர் நம் கீழ்வகுப்பு மாணவர். அன்று அவர்கள் கற்ற பாடத்தை எந்த ஆசிரியரும் வகுப்பிலே கற்பித்ததில்லை.

தலைக்கவசம் பொலிசாருக்காகச் சுமக்கும் பொருளென்னும் எண்ணம் நம்மவரிடம் வேரூன்றியுள்ளது. 1935 ஆம் ஆண்டில் ரி. ஈ. லோறன்ஸ் என்னும் ஆங்கிலேயர் மோட்டார்ச் சைக்கிள் விபத்திலே தலையில் அடிபட்டு இறந்தார். அவரைப் பார்வையிட்ட மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெயின்ஸ், பின்னர் இத்தகைய காயங்களை ஆராய்ந்து 1941 இல் தம் முடிவை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிரித்தானியப் படையின் மோட்டார்ச் சைக்கிள் தூதருக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. அது மரண அபாயத்தை நூற்றுக்கு 42 அளவும், தலைக்காய அபாயத்தை நூற்றுக்கு 69 அளவும் குறைக்குமெனப் பிற்கால ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகின்றது.

எனினும், கவசம் விழுந்தபின் காப்பது. விழாமற் காப்பது பயிற்சியேயாம். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்செலிஸ் பகுதியில் 900 விபத்துக்களை நேரிற் சென்று ஆராய்ந்த ஹரி ஹேட் என்பார் 1981 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, விபத்துக்குள்ளானவருள் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, உறவினர் நண்பரிடமோ ஓட்டப் பழகியவர். ஆபத்து நேர்ந்தபோது அவருட் பலர் பின் பிரேக்கை அளவுமீறி மிதித்துச் சறுக்கினர். முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. பிரேக் பிடிக்குங்கால் பாரம் முன்சில்லுக்கு மாறுதலின், வண்டியை நிறுத்தும் வலிமை பெரிதும் முன்சில்லுக்கே உண்டென்பதை அவருக்குச் சொல்வார் இருந்திலர் போலும்.

நம் இளைஞர் நிலையும் வேறன்று. சமதரை மைதானத்திலே எட்டுப் போட்டுப் பழகுகின்றனர். மறுவாரமே கடுகண்ணாவை இறக்கத்திலும், மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளிலும் இறங்குகின்றனர். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்தல், குறைந்த கியரில் இறங்குதல், நெடுநாள் வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் மழையில் எண்ணெய் படிந்த தார்வீதி வழுக்குமென அறிதல் என்பனவற்றை மைதானம் கற்பிக்காது. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகுமென்பது நம் பௌதிக வகுப்பிற் படித்ததுதான். வீதியில் அதை எவர் நினைக்கின்றார்?

ஆதலின் நாம் வேண்டுவது இதுவே. பவனிக்கு முன் இரு சனிக்கிழமைகளிலே கல்லூரி மைதானத்திற் பயிற்சி நடைபெறல் வேண்டும். மூன்றாம் சனிக்கிழமை தக்கார் துணையுடன் ஒரு மலை இறக்கத்திலும் பழகுதல் நன்று. அனுமதிப்பத்திர வயதை எட்டிய உயர்வகுப்பு மாணவரையும் சேர்த்துக்கொள்ளலாம். பயிற்சி பெற்றவரும் கவசம் அணிந்தவருமே பவனியிற் செல்க. விழாக்குழுவினர் இசைவாராயின் முதல் நாளே நம் பழைய வண்டியுடன் வருவோம். நாமும் நண்பரொருவரிடம் பழகியவரே.