மீட்டரில் யார் பெயர்?

2022 செப்டம்பர் 4ஆம் தேதி இரவை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அன்றிரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் பெங்களூரு நகரில் 131.6 மில்லிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. ராஜகாலுவேக்கள் ஊருக்குள் புகுந்தன. நமது பொம்மனஹள்ளி மண்டலமும் பக்கத்து மகாதேவபுரம் மண்டலமும்தான் அன்று பெரிய அடி வாங்கின. டிராக்டரில் ஏறி வேலைக்குப் போன கணினி நிறுவன ஊழியர்களின் படங்கள் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தன. அவர்கள் பட்ட துன்பமும் துன்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளத்தில் கிடக்கும் ஷீட் வீடுகளில் கட்டிலின் மேல் ஸ்டவ்வையும், ஸ்டவ்வின் மேல் அரிசி மூட்டையையும் ஏற்றி வைத்துவிட்டு, இருட்டில் குழந்தையை இடுப்பில் சுமந்தபடி நின்ற நம் பெண்களின் படம் எந்தப் பத்திரிகையில் வந்தது?

மழை நின்றது. தண்ணீர் வடிந்தது. கரண்டு மட்டும் வரவில்லை. மெயின் ரோட்டில் விளக்கு எரிகிறது, எதிர் அடுக்குமாடியில் ஜெனரேட்டர் ஓடுகிறது, நம் சந்து மட்டும் இருட்டில் கிடக்கிறது. இதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கிறோம். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்த இதழில் பேச வேண்டியிருக்கிறது.

கரண்டு போனால் இருட்டுதானே, ஒரு மெழுகுவர்த்தி போதாதா என்று கேட்பவர்கள் லைன் வீட்டில் ஒரு நாளும் குடியிருந்தவர்களாக இருக்க மாட்டார்கள். கரண்டோடு சேர்ந்து தண்ணீர் போகிறது. சம்பில் தண்ணீர் இருந்தாலும் மேல்தொட்டிக்கு ஏற்ற மோட்டார் ஓடாது. போர்வெல் ஓடாது. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ் இருக்கும் இடத்தில் இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை. நகரத்துக்கே இதுதான் கதை. காவிரி நீர் தானாக ஓடி வந்து பெங்களூரைச் சேர்வதில்லை. மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளி, பிறகு ஹாரோஹள்ளி, தாதகுனி என மூன்று இடங்களில் மின்மோட்டார் வைத்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் உயரம் தள்ளி ஏற்றுகிறார்கள். அதே 2022 செப்டம்பர் மழையில் தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து மோட்டார்கள் நின்றன. தெருவெல்லாம் தண்ணீர், குழாயில் சொட்டு இல்லை! டேங்கர் லாரிக்குக் காசு கொடுக்க முடிந்தவன் குடித்தான்.

அடுத்துப் போவது கைபேசி. கைபேசி அணைந்தால் மேஸ்திரி கூப்பிடுவது கேட்காது, நாளைய வேலை இல்லை. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி வராது. அடுத்துப் போவது கூலி. அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கரண்டு எந்த வரிசையில் திரும்பி வருகிறது? துணைமின் நிலையம் முதலில், அங்கிருந்து கிளம்பும் 11,000 வோல்ட் லைன் அடுத்து, அதன் பின் தெருக்கோடி டிரான்ஸ்பார்மர், பிறகு தெருவில் ஓடும் கம்பி, கடைசியில் வீட்டுக்கு வரும் ஒயரும் ஃபியூஸும். ஒரு பெரிய லைனைச் சரிசெய்தால் ஆயிரம் வீட்டுக்கு வெளிச்சம்; ஒரு சந்தின் ஒயரைச் சரிசெய்தால் பத்து வீட்டுக்கு. ஆகவே சந்து கடைசியாக வருவதில் தொழில்முறை நியாயம் உண்டு. கம்பத்தில் ஏறும் பவர்மேனைத் திட்டுவதில் பொருளில்லை. அவர்களில் பலர் வடகர்நாடக மாவட்டங்களிலிருந்து நம்மைப் போலவே பிழைக்க வந்தவர்கள். கொட்டும் மழையில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்கிறார்கள். மொழி வேறானாலும் அவர்கள் நம் வர்க்கத்து மனிதர்கள். டீ வாங்கிக் கொடுங்கள், ஏணியைப் பிடியுங்கள்.

ஆனால் அந்தக் கடைசி வரிசைக்குள்ளும் ஒரு வரிசை இருக்கிறது. அங்கேதான் அநியாயம் ஒளிந்திருக்கிறது. புகார் கொடுத்த வீட்டுக்கு ஆள் வருகிறான்; கொடுக்காத வீடு காத்திருக்கிறது. 1912 என்ற எண்ணை அழைத்தால் கணக்கு எண் என்ன என்று கேட்கிறார்கள். நம்மிடம் கணக்கு எண் ஏது? பில் ஓனர் பெயரில். மீட்டர் ஓனர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே. நமக்கு இருப்பது ஒரு சப்-மீட்டர், சில இடங்களில் அதுவும் கிடையாது. பல்புக்கு இவ்வளவு, ஃபேனுக்கு இவ்வளவு என்று வாய்க்கணக்கு. எட்டுக் குடும்பம், முப்பது உயிர்கள், மின்சாரக் கம்பெனியின் ஏட்டில் ஒரே ஒரு ‘நுகர்வோர்’. அந்த நுகர்வோர் வேறு பேட்டையில் தன் சொந்த வீட்டில் விளக்கெரிய உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு என்ன அவசரம்?

மற்ற இடங்களில் நடந்ததையும் பார்ப்போம். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நம்மிடையே டெல்டாவிலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல மாவட்டங்களிலிருந்தும், கேரளத்திலிருந்தும்கூட மின்தொழிலாளர்கள் வந்து இரவு பகலாகப் பாடுபட்டார்கள். நகரங்களில் சில நாளில் விளக்கு வந்தது. உள்கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. அங்கே மக்கள் என்ன செய்தார்கள்? ஊர்ப் பணம் போட்டு வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்து வந்து, ஊர்த் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். தனித்தனி வீட்டில் விளக்கெரிக்க அல்ல, தண்ணீருக்காக! வறுமைப்பட்ட கிராமத்து மக்கள் தாமாகக் கண்ட வழி இது. இதைவிடச் சிறந்த பேரிடர் நிர்வாகம் எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள்?

கடல் தாண்டிய கதையும் ஒன்று உண்டு. 1980களிலிருந்து ஈழத் தமிழர்கள் அகதிகளாகப் போய்க் குடியேறிய ஊர்களில் ஒன்று கனடாவின் மொன்றியல். 1998 ஜனவரி 5 முதல் 10 வரை அங்கே பெய்த மழை, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறைந்தது. கம்பிகள் மீது கை தடிமனுக்குப் பனி. பாரம் தாங்காமல் இரும்புக் கோபுரங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மடிந்தன. கியூபெக் மாகாணத்தில் மட்டும் ஏறக்குறைய 14 லட்சம் இணைப்புகள், முப்பது லட்சம் மக்கள் இருட்டில். அந்த மாகாணத்தில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவதே மின்சாரம்தான். உறைபனிக் குளிரில் அது போனால் உயிர் போவதற்குச் சமம். மொன்றியலில் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் நின்று, நகரம் முழுவதும் தண்ணீரின்றிப் போகும் நிலை வந்தது. பள்ளிக்கூடங்களில் தங்குமிடம் திறந்தார்கள், ராணுவம் வந்தது. நகரத்துக்குத் தெற்கே இருந்த பகுதிக்கு ‘இருள் முக்கோணம்’ என்று பெயரே வந்துவிட்டது. அங்கே சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. குளிருக்குப் பயந்து மூடிய வீட்டுக்குள் கரி அடுப்பும் ஜெனரேட்டரும் எரித்தவர்களில் சிலர், புகைநஞ்சால் மாண்டார்கள்.

பணக்கார நாட்டிலும் கம்பி அறுந்தால் அறுந்ததுதான். ஆனால் அங்கே அரசாங்கம், இருட்டில் இருந்தவர்களுக்கு ஆளுக்கு வாரம் 70 டாலர் என்று கணக்கிட்டு உதவித்தொகை கொடுத்தது. ஆளுக்கு! மீட்டருக்கு அல்ல. யார் எங்கே குடியிருக்கிறார் என்பது அவர்கள் ஏட்டில் இருந்தது. நம் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? ரேஷன் கார்டு ஊரில், ஓட்டு ஊரில், இங்கே மீட்டர் ஓனரிடம். பொம்மனஹள்ளி நகராட்சியாக இருந்து 2007இல் பெருநகர மாநகராட்சியில் சேர்ந்தது; 2025 செப்டம்பரில் அந்த மாநகராட்சியும் ஐந்தாகப் பிரிந்து நாம் தெற்கு மாநகராட்சி ஆனோம். பெயர்ப்பலகைகள் மாறின. சாக்கடை அதே இடத்தில் இருக்கிறது, நாமும் அதே இடத்தில் இருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 43ஆம் பிரிவு, கட்டிடத்தின் ‘உரிமையாளரோ குடியிருப்பவரோ’ கேட்டால் இணைப்பு தர வேண்டும் என்கிறது. குடியிருப்பவர் என்றால் நாம்தான், தோழர்களே! விண்ணப்பம் முறையாக இருந்தால் பெருநகரங்களில் 3 நாளில் இணைப்பு என்று 2024இல் திருத்திய விதி கூறுகிறது. ஏட்டுச் சுரைக்காய் என்று சிரிப்பீர்கள். சிரிப்பதில் நியாயம் உண்டு. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின், குடியேற்றச் சான்றிதழ் இல்லாத கட்டிடங்களுக்குப் புதிய இணைப்பு இங்கே நின்றுபோனது. 1200 சதுர அடிக்குள் அடங்கும் சிறு மனைகளுக்கு 2025இல் மாநில அரசு விலக்குக் கொடுத்தது. அதன் பின்னும் ஓனர் கையெழுத்துப் போட வேண்டும். தனி மீட்டர் வந்தால் யூனிட்டுக்கு அவர் வைக்கும் விலை போய்விடும், எப்படிப் போடுவார்?

இதில் நாம் இழப்பது புகார் கொடுக்கும் உரிமை ஒன்று மட்டுமில்லை. 2023 ஜூலை முதல் நடக்கும் கிருஹ ஜோதி திட்டத்தில், 200 யூனிட் உச்சவரம்புக்குள் வீடுகளுக்குக் கட்டணமில்லா மின்சாரம் கிடைக்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டு. ஆனால் எட்டுக் குடும்பம் ஒரே மீட்டரில் எரித்தால் மாதம் முடியும் முன்பே 200 யூனிட் தாண்டும். மாதம் நாற்பது யூனிட் எரிக்கும் ஏழை முழுக் கட்டணம் கட்டுகிறான். தனி மீட்டர் வைத்து நூற்றைம்பது எரிப்பவன் ஒரு பைசா கட்டுவதில்லை. திட்டம் போட்டவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டோம். அவர்கள் மீட்டரை எண்ணினார்கள், அடுப்பை எண்ணவில்லை.

இனி கூலி. ஓசூர் ரோட்டுக் கார்மெண்ட்ஸ்களில் வேலை செய்யும் சகோதரிகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கரண்டு இல்லை, வீட்டுக்குப் போ என்று கேட்டில் திருப்பி அனுப்புகிறார்கள். சில ஆலைகளில் அந்த நாளை ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடுகட்டச் சொல்கிறார்கள். சட்டத்தில் இதற்கு ‘லே-ஆஃப்’ என்று பெயர். மின்சாரப் பற்றாக்குறையும் இயற்கைச் சீற்றமும் அதற்கான காரணங்களாகச் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளன. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பர் 21இல் அதன் இடத்துக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில், மஸ்டர் ரோலில் பெயர் இருந்து ஓராண்டு பணி முடித்தவர்களுக்கு, அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்க வேண்டும். ஒரு நிபந்தனை உண்டு: வேலை நேரத்தில் நாளுக்கு ஒரு முறையாவது ஆலைக்குப் போய் ஆஜராக வேண்டும். ‘எப்படியும் கரண்டு இருக்காது’ என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் உரிமை போயிற்று. ஆகவே மழையானாலும் கேட்டுக்குப் போங்கள், நாலு பேராகப் போங்கள், வந்ததைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கட்டிட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு இந்தப் பாதிக் கூலியும் கிடையாது. அது பெரிய போராட்டம். வேறொரு இதழில் எழுதுவோம்.

உயிரைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 5 இரவு, ஒயிட்ஃபீல்டு பக்கம் தேங்கிய நீரில் ஸ்கூட்டர் சறுக்க, கம்பத்தைப் பிடித்த 23 வயதுப் பெண் மின்சாரம் தாக்கி இறந்தார். 2023 நவம்பரில் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய ஓர் இளம் தாய், விடியலுக்கு முன் ஹோப் ஃபார்ம் சந்திப்பின் நடைபாதையில் அறுந்து கிடந்த கம்பியை மிதித்துக் கைக்குழந்தையோடு கருகிப் போனார். 2025 மே மாதம் பி.டி.எம். லேஅவுட்டில், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் புகுந்த மழைநீரை மோட்டார் வைத்து இறைக்கையில் ஒரு முதியவரும் 12 வயதுச் சிறுவனும் மாண்டார்கள். சிறுவன் அங்கே வேலைக்கு வந்திருந்த நேபாளத் தொழிலாளியின் மகன். தண்ணீர் நிற்கும் வீட்டில் மெயின் சுவிட்சை அணைக்காமல் எதையும் தொடாதீர்கள். அறுந்த கம்பி செத்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பிள்ளைகளைத் தேங்கிய நீரில் விளையாட விடாதீர்கள். மொன்றியலில் நடந்ததை நினைத்து, ஷட்டர் இறக்கிய அறைக்குள் கரியோ ஜெனரேட்டரோ எரிக்காதீர்கள்.

சங்கம் என்ன செய்யப் போகிறது என்று கேட்பீர்கள். கோரிக்கை மனு எழுதுவோம். குடியிருப்பவர் பெயரில் இணைப்பு வேண்டும், லைன் வீடுகளில் குடும்ப எண்ணிக்கைப்படி 200 யூனிட் கணக்கிட வேண்டும் என்று. மனுக்கள் எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே மனுவோடு நிற்காமல் ஒரு நோட்டும் தொடங்கியிருக்கிறோம். தெருவின் பெயர், டிரான்ஸ்பார்மரில் எழுதியுள்ள எண், ஓனர் பில்லில் உள்ள கணக்கு எண், அந்த மீட்டரில் எரியும் குடும்பங்கள் எத்தனை, அவற்றில் கைக்குழந்தையும் முதியவரும் நோயாளியும் எத்தனை பேர், பக்கத்தில் யாரிடம் கைப்பம்பு அல்லது பெரிய சம்ப் இருக்கிறது. இவ்வளவுதான். அடுத்த முறை சந்து இருண்டால் எட்டுக் குடும்பமும் எட்டுப் புகார் கொடுக்கும், ஒவ்வொன்றுக்கும் புகார் எண் வாங்கி நோட்டில் ஏறும். இரண்டாம் நாளும் வராவிட்டால், கஜாவில் செய்ததுபோல, தெருப் பணத்தில் ஒரு ஜெனரேட்டர் எடுத்து முதலில் தண்ணீர்த் தொட்டியை நிரப்புவோம், பிறகு கைபேசிகள்.

பில்லைக் காட்ட ஓனர் மறுத்தால் சண்டை போட வேண்டாம். மாதா மாதம் மீட்டர் படிக்க வருபவரிடம் கேட்டால் எண்ணைச் சொல்லுவார். அதை உடனே கதவுக்குப் பின்னால் சுவரில் எழுதி வையுங்கள், கரித்துண்டால் எழுதினாலும் சரி. நோட்டில் மூன்று தெருக்கள் முடிந்திருக்கின்றன. உங்கள் தெருவுக்கு வரும் ஞாயிறு காலை ஆள் வருவார்கள். அந்த வேளையில் வீட்டில் ஒருவராவது இருங்கள்.