எங்கள் ஊரின் மூன்று புத்தாண்டுகள்



சனவரி முதல் நாள் நள்ளிரவில் நம் விடுதியில் எழும் ஆரவாரத்தை நீங்கள் அறிவீர்கள். "இனி நாள்தோறும் நான்கு மணிக்கு எழுவேன்" என்பார் ஒருவர். "எந்தத் தாளிலும் தவறேன்" என்பார் மற்றொருவர். நாட்குறிப்பின் முதற்பக்கம் அழகிய கையெழுத்தால் நிறையும். பொங்கல் விடுமுறை கழிந்து திரும்பும்போதோ அந்நாட்குறிப்பு பெட்டியின் அடியில் கிடக்கும். நாமும் எட்டு மணி வரை போர்வைக்குள் கிடப்போம்! இதைக் கண்டு, "சபதமாவது, மண்ணாவது!" என்று நகைப்போர் பலர். அவர் கூற்றை நான் ஏற்கவில்லை. பிழை சபதத்தில் இல்லை. அதை ஒருநாள் சடங்காக்கிவிட்ட நம்மிடமே இருக்கிறது.

நான் ஆனைகட்டியைச் சேர்ந்தவன். கோவையிலிருந்து மேற்கே மலையேறி வந்தால் இப்பால் தமிழகம், அப்பால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம். அப்பாலே எங்கள் வீடு. எங்கள் ஊரில் புத்தாண்டு மூன்று முறை பிறக்கும். சனவரி ஒன்று எல்லார்க்கும் பொது. சித்திரையில் தமிழர் வீட்டுப் புத்தாண்டு. அதையொட்டி மலையாளிகள் வீட்டில் விஷுக்கணி. ஆகஸ்டு நடுவில் சிங்ஙம் பிறந்தால் கொல்லம் ஆண்டு புதிதாகும். "சனவரியில உட்டா என்ன கண்ணு, சித்திரை வருதில்ல?" என்பார் என் அம்மிச்சி. அன்று அதைச் சோம்பேறிக்குச் சொன்ன ஆறுதல் என்றே எண்ணினேன். இன்று அதுவே அறிவுரை எனக் காண்கிறேன்.

காரணம் சொல்கிறேன். சென்ற ஆண்டு என்னோடு ஒன்றாகச் சபதம் செய்த தோழன் ஒருவன் இன்று இவ்விடுதியில் இல்லை. நாளுக்கு ஐந்து மணி நேரம் படிப்பதாகச் சூளுரைத்தவன் அவன். தாய் நோயுற, பத்து நாள் ஊரிலிருக்க நேர்ந்தது. திரும்பி வந்தவன், "எல்லாம் கெட்டது, இனி என்ன?" என்றான். தேர்வெழுதவே இல்லை. பத்து நாள் இழப்பு ஓர் ஆண்டையே விழுங்கியது! அவன் சோம்பேறியல்லன். ஒருமுறை தவறினால் யாவும் முடிந்தது என்ற எண்ணமே அவனை வீழ்த்தியது.

அவ்வெண்ணம் தவறென்று ஆய்வும் கூறுகிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்பாரும் அவர் துணைவரும் 96 பேரை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டனர். ஒரு செயல் பழக்கமாக வேரூன்றச் சராசரியாக 66 நாள் ஆகிறது. சிலர்க்கு 18 நாள், சிலர்க்கோ 254 நாள். இடையில் ஒருநாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்பதும் அவர்கள் கண்ட உண்மை. பதினைந்தே நாளில் மனம் சோர்ந்து, "எனக்கு உறுதி இல்லை" என்று நாம் புலம்புவது முறையா?

1990இல் நிறுவப்பட்ட பறவை ஆராய்ச்சி மையம் ஒன்று எங்கள் ஆனைகட்டியில் இருக்கிறது. சலீம் அலியின் பெயர் தாங்கியது அது. அவர் பட்டம் பெறாதவர். அதனாலேயே விரும்பிய பறவையியல் பணி அவருக்குக் கிட்டவில்லை. செர்மனி சென்று பயின்று 1930இல் திரும்பியபோது, முன்பிருந்த வேலையும் இல்லை. சோர்ந்தாரா? 1933இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளைக் கணக்கெடுக்கக் காடேறினார். இன்றைய இடுக்கி மாவட்டத்து மறையூரும் அவர் தங்கி ஆராய்ந்த இடம். கண்டதைக் கண்டவுடன் குறித்தார். டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிப் பறவை நூல் 1968இல் வெளிவரத் தொடங்கி 1974இல் நிறைவுற்றபோது அவருக்கு அகவை 77! அப்பெருநூலின் பின்னே நின்றது ஓரிரவு வீராவேசமன்று. அன்றன்று எழுதிய சிறு குறிப்புகளே.

ஆகவே தோழர்களே, குறிக்கோளைச் சிறிதாக வகுப்போம். "நன்கு படிப்பேன்" என்பது குறிக்கோளன்று, விருப்பம். "இரவு உணவு முடிந்தவுடன் அரைமணி நேரம் கணக்குப் போடுவேன்" என்பதே குறிக்கோள். ஒருநாள் தவறினால் மறுநாளே தொடங்குவோம்.

இன்னொன்றும் சொல்வேன். விடுமுறையில் கூலி வேலைக்குச் சென்று கட்டணம் சேர்க்கும் மாணவனிடம், "உனக்கு மனவுறுதி போதாது" என்று கூறுவது கொடுமை. அவனுக்கு வேண்டுவது அறிவுரையன்று, துணை. ஊர்சென்று திரும்பும் தோழனுக்குத் தவறிய பாடத்தைச் சொல்லித்தர வாரம் ஒரு மாலையை நம் மன்றம் ஒதுக்கலாகாதா? அன்று அப்படியொரு மாலை இருந்திருந்தால் என் தோழன் இன்று நம்மோடு இருந்திருப்பான்.

என் கணக்குத் தாள் இன்னும் மீதமிருக்கிறது. சனவரியில் தொடங்கிப் பதினேழாம் நாளில் நானும் தவறினேன். பதினெட்டாம் நாள் மீண்டும் அமர்ந்தேன். வெல்வேனோ, அறியேன். சித்திரை இருக்கிறது, சிங்ஙமும் இருக்கிறது. நாளை காலையும் இருக்கிறதன்றோ!