அகலச் சாலை அல்ல, வாய்க்கால் கேளுங்கள்

சாலை அகலமானால் ஊர் முன்னேறும், விபத்து குறையும். பழனி மலையின் கீழ்மலைக் கிராமங்களில் இதை மறுப்பவர் அநேகமாக இல்லை. சித்தரேவிலிருந்து ஏறி பெரும்பாறை, தடியன்குடிசை வழியாகத் தாண்டிக்குடிக்குப் போகும் மலைச்சாலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே, முதலில் எழும் கோரிக்கை அகலப்படுத்த வேண்டும் என்பதுதான். காபித் தோட்டக்காரர், வாழை வியாபாரி, வேன் ஓட்டுநர், விடுதி கட்ட இடம் தேடி வருபவர் என ஒன்றுக்கொன்று முரணான தேவை உள்ளவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேசுகிறார்கள். அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் வேதனை உண்மையானது. மழைக்காலத்தில் மண் சரிந்து வழி அடைபடுகிறது, நோயாளியைக் கீழே இறக்குவதற்குள் உயிர் ஊசலாடுகிறது. ஆனால் அந்த வேதனைக்கு அகலச் சாலை மருந்து என்ற நம்பிக்கை தவறு. பல இடங்களில் அதுவே நோயை வளர்க்கும்.

சமவெளியில் சாலையை அகலப்படுத்த இருபுறமும் நிலம் எடுத்தால் போதும். மலையில் ஒருபுறம் செங்குத்துச் சரிவு, மறுபுறம் பள்ளம். எனவே அகலம் வேண்டுமென்றால் சரிவின் அடியைத்தான் வெட்ட வேண்டும். மேலிருக்கும் மண்ணும் பாறையும் எந்த அடியை ஊன்றி நிற்கின்றனவோ, அந்த அடியைப் பொக்லைன் அறுத்தெடுக்கிறது. வெட்டிய மண்ணைக் கொண்டுபோக இடம் ஒதுக்காத வேலைகளில் அது பள்ளத்துப் பக்கமே தள்ளப்படுகிறது. கீழே இருக்கும் ஓடையை அடைக்கிறது, காபிச் செடிகளை மூடுகிறது. வடகிழக்குப் பருவமழை முதன்முறை கொட்டும்போது, வேரும் பிடிப்பும் இழந்த அந்தப் புதிய வெட்டுமுகம் நீரைக் குடித்துக் கனத்துச் சாலைமேல் இறங்குகிறது. நீலகிரியில் 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழை மிகக் கடுமையானது என்பது உண்மை. ஆனால் சாலைக்காகவும் கட்டடத்துக்காகவும் செங்குத்தாக வெட்டிய சரிவுகளும், அடைபட்டுப்போன நீர்வழிகளும் அந்தச் சேதத்தைப் பெருக்கின என்பதும் உண்மை. பழனி மலையின் சரிவுகளுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு எதுவும் கிடையாது.

இதைச் சூழல் ஆர்வலர்களின் பயமுறுத்தல் என்று தள்ளிவிட முடியாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே 2018 மார்ச்சில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மலைப்பகுதித் தேசிய நெடுஞ்சாலைகளின் வண்டி ஓடும் பரப்பு 5.5 மீட்டராக இருக்கட்டும் என்றது அது. அதிகமாக வெட்டினால் சரிவு நிலைகுலைகிறது, மேலே உள்ள சாலையே சேதமாகிறது, மரங்கள் பெருமளவில் போகின்றன என்று காரணமும் சொன்னது. உத்தராகண்டின் சார்தாம் சாலைத் திட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் இந்த அளவைப் பின்பற்றச் சொன்னது. 2021 டிசம்பரில் அகலம் கூட்ட அனுமதித்தபோதும், எல்லைப் பாதுகாப்புக்குப் படைத் தளவாடங்கள் போக வேண்டும் என்பதே அதற்கு அடிப்படையாக இருந்தது. பெரும்பாறை வழியாகப் பீரங்கி எதுவும் போகப் போவதில்லை. போவது பேருந்தும், வாழைத்தார் ஏற்றிய லாரியும், ஜீப்பும்தான். ஒரு பேருந்தின் அகலம் ஏறத்தாழ 2.5 மீட்டர். 5.5 மீட்டர் தார்ப்பரப்பில் இரண்டு பேருந்துகள் வேகம் குறைத்து, ஒன்றையொன்று பார்த்து, கடந்துவிடலாம். அந்த அளவுக்கும் இடமில்லாத வளைவுகளுக்கு முன்னும் பின்னும் ஒதுங்கி நிற்க இடம் அமைத்தால் போதும். மலையை முழு நீளத்துக்கும் வெட்ட வேண்டியதில்லை.

வேகம் குறைத்து என்ற சொல்லில்தான் பாதுகாப்பு முழுதும் அடங்கியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த இறப்புகளில் 70 சதவீதத்துக்கும் மேல் அதிவேகத்தால் நேர்ந்தவை என்று அரசின் அறிக்கையே சொல்கிறது. மொத்த விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நேரான சாலைகளில் நடந்தவை. நாட்டில் நேரான சாலையே அதிகம், அதில்தான் வண்டியும் அதிகம் ஓடுகிறது என்பதால் இந்த இரண்டாவது கணக்கை மட்டும் வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. முதல் கணக்கு அப்படியல்ல. ஓட்டுநரின் கால் சாலையைப் பார்த்துத்தான் அழுத்துகிறது. குறுகிய கொண்டை ஊசி வளைவில் அவர் ஹாரன் அடித்து, கியரைக் குறைத்து, எதிரே வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். அதே வளைவை அகலமாக்கி வழுவழுப்பான தார் போட்டால், கீழிருந்து முதன்முறை மலையேறி வரும் சுற்றுலா வேன்காரர் அதை நான்குவழிச் சாலையின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொள்வார். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி, அது சூடேறிப் பிடிக்காமல் போனபின் என்ன நடக்கும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும். குறுகலான மலைச்சாலையில் இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதியே இருக்கிறது. அந்த விதியைச் சொல்லும் பலகை ஒவ்வொரு குறுகலான வளைவிலும் இருக்கிறதா, அதை மீறுவோரிடம் யார் கேட்கிறார்கள் என்பவைதான் பெரும்பாறைக்காரர்கள் அதிகாரிகளிடம் எழுப்ப வேண்டிய கேள்விகள்.

மலைச்சாலை எப்படிச் சாகிறது என்று அருகில் போய்ப் பார்த்தால், அகலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது விளங்கும். மலைப்பக்கம் ஓடும் வாய்க்காலில் சில்வர் ஓக் இலையும் சரளை மண்ணும் தின்பண்டப் பொட்டலங்களும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. அதில் ஓட வேண்டிய மழைநீர் தார்மேல் ஏறிக் குறுக்கே பாய்கிறது, பள்ளத்துப் பக்க ஓரத்தை அரிக்கிறது. தாருக்கு அடியில் மண் போனபின் ஓரம் ஓர் அடி அந்தரத்தில் தொங்கும். மேலிருந்து பார்த்தால் சாலை முழுதாகத்தான் தெரியும், எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கிய ஜீப்பின் சக்கரம் ஏறும்போதுதான் உடையும். தடுப்புச்சுவர்களில் நீர் கசிந்து வெளியேற விடும் துளைகள் மண்ணேறி அடைபட்டால், சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் அதை வயிறுபோல் முன்னே தள்ளும். அடுத்த மழையில் சுவர் விழும். சாலைக்கு அடியில் போகும் குழாய்ப்பாலம் அடைத்தாலும் இதே கதைதான். இவை எல்லாவற்றையும் செப்டம்பர் மாதத்துக்குள் மண்வெட்டியோடு ஒரு பணியாளர் குழு சரிசெய்துவிடலாம். பெரிய ஒப்பந்தம் தேவையில்லை, அடிக்கல் நாட்டு விழாவும் தேவையில்லை. இந்த வேலை கவனிப்பாரற்றுக் கிடப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். அகலப்படுத்தும் திட்டத்தில் பெரிய தொகை இருக்கிறது, திறந்துவைக்க ஒரு கல் இருக்கிறது. வாய்க்கால் தூர்வாரியதற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.

கர்ப்பிணிப் பெண் வலியில் துடிக்கும்போது மலையின் சரிவைப் பற்றிப் பேசுவது கொடுமையில்லையா என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் சாலை அகலத்தை எதிர்ப்பவர் கீழ்மலையில் பேசவே தகுதியற்றவர். ஆனால் அந்தப் பெண் இழக்கும் நேரம் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்ப்போம். செல்போன் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு ஓட ஒரு நேரம், 108 வண்டி கீழிருந்து ஏறி வர ஒரு நேரம், மருத்துவர் இருக்கும் மருத்துவமனையைத் தேடி இறங்க இன்னொரு நேரம். அகலச் சாலை இதில் கடைசிப் பகுதியில் சில நிமிடங்களை மட்டும் மிச்சப்படுத்தும். அந்தச் சாலையே மண்சரிவில் மூடிக்கிடக்கும் நாளில் அதையும் மிச்சப்படுத்தாது. மலைமேலேயே இரவும் பகலும் நிற்கும் ஒரு 108 வண்டி, இரவில் மருத்துவர் தங்கும் ஆரம்ப சுகாதார நிலையம், விடாமல் கிடைக்கும் சிக்னல் ஆகியவை கேட்டுப் பெற வேண்டியவை. சாலை அகலமாகட்டும், பிறகு எல்லாம் வரும் என்று சொல்லிச் சொல்லியே இவற்றைத் தராமல் காலம் கடத்த அரசுக்கு வசதியாகிவிடுகிறது. பாதுகாப்பு என்பது சாலையோடு முடிவதும் இல்லை. 2022 ஆகஸ்டில் இதே மலையின் புல்லாவெளி அருவியில் படம் எடுக்க நின்ற இளைஞர் வழுக்கி விழுந்து இறந்தார். அருவிக்குப் போகும் சாலை இருமடங்கு அகலமாக இருந்திருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார். பாறை விளிம்பில் ஒரு தடுப்பும் ஒரு காவலரும் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம்.

சுற்றுலா வந்தால் வருமானம் வரும் என்ற வாதத்துக்குக் கொடைக்கானலே பதில். அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள், சாலை கூடக்கூட அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று 2011-இல் காட்டினார்கள். மலை நகருக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் மேலே போய் நிற்க இடம் கூடுவதில்லை. லாஸ்காட் சாலை வழியாகவும் பழனி வழியாகவும் கொடைக்கானலில் குவிந்த வண்டிகளைக் கட்டுப்படுத்த, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று நீதிமன்றமே உச்சவரம்பு வைத்தது. வண்டி வரும் வழியைப் பெருக்கிவிட்டு, வந்த வண்டியை நிறுத்த நீதிமன்றத்தின் வாசலில் நிற்க வேண்டிய நிலை அது. கீழ்மலைச் சாலையை அகலப்படுத்தினால், கொடைக்கானல் வழிகளில் நெரிசலாகும் நாளெல்லாம் அதுவே மாற்றுவழியாகும். பெரும்பாறை வந்து தங்கும் ஊராக அல்ல, கடந்து போகும் ஊராக மாறும். கூடவே மனை வியாபாரம் ஏறும். நிழல் மரத்தடியில் காபியும் மிளகும் விளையும் தோட்டம் துண்டு துண்டாகப் பிரிந்து காட்டேஜ் ஆகும். விற்றவருக்கு ஒருமுறை பணம் கிடைக்கும், தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவருக்கு அதுவும் கிடையாது. யானையும் காட்டுமாடும் நடமாடும் வழியில் வேலியும் விளக்கும் வந்தபின் அவை ஊருக்குள் இறங்கும். இந்தச் சரிவுகளின் ஓடைகள்தான் ஆத்தூர் காமராஜர் அணையையும் மருதாநதி அணையையும் நிரப்புகின்றன. அந்த நீரைக் குடிக்கும் திண்டுக்கல் நகரத்தாருக்கும் இந்தச் சாலை பற்றிப் பேச உரிமை உண்டு.

வாழைத்தாரும் காபியும் சந்தைக்குப் போக வேண்டாமா என்று கேட்டால், போகத்தான் வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற விருப்பாட்சி மலைவாழை குழியில் குலுங்கி நசுங்கித்தான் கீழே இறங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குழியில்லாத, ஓரம் உடையாத, மழையில் மூடாத 5.5 மீட்டர் சாலை அந்த லாரிக்குப் போதும். ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போன நிலையில், கிராமசபையின் பொறுப்பு இன்னும் கூடியது. அடுத்த கிராமசபையில் சாலை அகலப்படுத்தும் தீர்மானம் படிக்கப்பட்டால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்: வெட்டும் மண் எங்கே கொட்டப்படும்? எத்தனை குழாய்ப்பாலங்கள், எங்கெங்கே? சரிவை ஆய்வு செய்த நிலவியலாளரின் அறிக்கை எங்கே? இவற்றுக்கு எழுத்தில் விடை வரும்வரை அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றாதீர்கள். அதற்குப் பதிலாக வாய்க்கால் தூர்வாரும் பணியாளர் குழுவையும், மலைமேல் நிற்கும் 108 வண்டியையும், வளைவுகளில் தடுப்புச்சுவரையும் கேட்டு ஒரு தீர்மானம் எழுதி அனுப்புங்கள்.