மூடியது சரிதான், சொன்ன காரணம்தான் தப்பு

சின்ன சம்பவம். அதில் ஆரம்பித்து கொஞ்சம் சண்டை போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் லேபில் ஒரு சொல்லின் எழுத்துகளை எண்ணும் நிரல் எழுதச் சொன்னார்கள். எல்லோரும் ஆங்கிலத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். நான் எங்க ஊர்ப் பாசத்தில் 'பேரையூர்' என்று கொடுத்தேன். பே, ரை, யூ, ர். விரல் விட்டு எண்ணினால் நாலு. நிரல் எட்டு என்றது. திருப்பிப் போடச் சொன்னேன். ஒரு அநாதைப் புள்ளி முன்னால் நிற்க, பின்னாலேயே 'ரூயைரேப' என்று வந்தது!

சாரிடம் கேட்டேன். "பழைய கேள்விப்பா இது. பிரெஞ்சுக்காரனுக்கும் இதே பிரச்சினைதான். நார்மலைஸ் பண்ணு, சரியாயிடும்" என்றார். "தமிழுக்கு 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்திருக்கலாமே சார்?" "இடமில்லப்பா." அத்தோடு கேள்விக்குப் பூட்டு.

தனி எண் கிடையாது என்ற முடிவில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் அவர் சொன்ன இரண்டு காரணமும் தப்பு. தப்பான காரணத்தால் மூடிய கேள்வி, சரியாக மூடிய கேள்வி ஆகாது.

முதலில் பிரெஞ்சு. தலையில் கோடு போட்ட 'ஈ'யை இரண்டு விதமாக எழுதலாம்: மொத்தமாக ஒரே எண், அல்லது 'ஈ' தனி, கோடு தனி. நார்மலைஸ் செய்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். 'பே'வுக்கு அப்படி ஒரு மொத்த எண்ணே யூனிகோடில் கிடையாது. 'ப' ஒரு எண், இரட்டைக்கொம்பு இன்னொரு எண், அவ்வளவுதான். கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் 'ொ', 'ோ' என்று ஒரே குறியாகச் சேரும். அந்த மாதிரி சில இடங்களைத் தவிர நார்மலைஸ் தமிழுக்கு ஒன்றும் செய்யாது. பேரையூரை எத்தனை முறை சலித்தாலும் எட்டு எட்டுதான். ஒரே மாதிரி தெரிகிற இரண்டு நோய்க்கு ஒரே மாத்திரை கொடுத்த கதை.

அடுத்து 'இடமில்லை'. யூனிகோடில் 11 லட்சத்துக்கு மேல் இடம் இருக்கிறது. கொரிய மொழிக்கு மட்டும் 11,172 அசையெழுத்துகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். அவனுக்குப் பதினோராயிரம், நமக்கு 247க்கு இடமில்லையா? இதைக் கேட்டுத்தான் பலருக்குக் கோபம் வருகிறது. கோபம் நியாயமானதுதான். நம் இலக்கணத்தில் 'க்' தான் அடிப்படை, அதோடு 'அ' சேர்ந்தால் 'க'. யூனிகோடில் தலைகீழ்: 'க'வோடு புள்ளி சேர்த்தால்தான் 'க்'. 1988ன் இஸ்கி அமைப்பை ஒட்டி இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டை தைத்ததன் விளைவு இது.

அப்படியானால் உண்மையான காரணம் என்ன?

கொரிய எழுத்துகள் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது 1996ல், யூனிகோட் 2.0ல். அதற்காக முன்பிருந்த கொரிய எழுத்துகளைக் காலி செய்தார்கள். பழைய எண்களில் எழுதி வைத்தவன் பாடு திண்டாட்டம். அதன்பிறகுதான், வைத்த எழுத்தை இனி நகர்த்துவதில்லை என்ற விதி வந்தது. 2001ன் 3.1 பதிப்போடு நார்மலைஸ் விதிகளிலும் கதவு சாத்தியாச்சு. இன்று 'பே'வுக்குப் புது எண் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பழைய 'பே'வும் புது 'பே'வும் வேறு வேறு என்றால், இதுவரை எழுதிய அத்தனை தமிழும் தேடலில் காணாமல் போகும். இரண்டும் ஒன்றுதான் என்றால், நார்மலைஸ் செய்யும்போதெல்லாம் புதுசு உடைந்து பழசாகிவிடும். கொடுத்தும் பயனில்லை. தாமதமாகிவிட்டது என்பதுதான் காரணம், இடமில்லை என்பதல்ல.

தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடோடு, எழுத்துக்கு ஒரு எண் தரும் டேஸ்-16ஐயும் மாற்றுத் தரமாக ஏற்று ஆணை போட்டது. ஆனால் அந்த எண்கள் இருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று விட்ட புறம்போக்கு அது. தெரிந்தவர்களுக்குள் மட்டும்தான் செல்லுபடி.

"முடிவு ஒன்றுதானே, காரணம் எதுவானால் என்ன?" என்பீர்கள். எங்க பக்கம் தெருவுக்கு நாலு பேச்சியம்மாள் இருப்பார்கள். எழுத்து ஏழு, கணினிக்கு 13. "பெயருக்கு 12 கட்டம் தாராளம்" என்று ஒருவர் நிரல் எழுதினால், அட்டையில் 'பேச்சியம்மாள' என்று புள்ளி போய் வரும். 'நார்மலைஸ் பண்ணு' என்று படித்தவர் அதைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். 'இடமில்லை' என்று படித்தவர், இது தமிழின் தலையெழுத்து என்று விட்டுவிடுவார். சரியான காரணம் தெரிந்தவர்தான் அடுத்த கேள்வியைக் கேட்பார்: எண் மாறாது, சரி, எண்ணும் முறையை மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். கண்ணுக்கு ஒரு எழுத்தாகத் தெரிவதை ஒன்றாகவே எண்ணுவதற்கு யூனிகோடே விதி வைத்திருக்கிறது. ஸ்விஃப்ட் மொழி இயல்பாகவே பேரையூரை நாலு என்கிறது. பைத்தானின் சாதாரண எண்ணிக்கை எட்டு என்றாலும், ஓப்பன் தமிழ் நூலகத்தைச் சேர்த்தால் நாலுதான். 'க்ஷ' மாதிரி சில இடங்களில் யூனிகோட் விதி இரண்டு என்னும். அங்கே கொஞ்சம் கைவேலை வேண்டும்.

கேள்வி கேட்டவனை வீட்டுக்கு அனுப்புவது சுலபம். சரியான வழியைக் காட்டி அனுப்புங்கள் என்பதுதான் என் கட்சி.

டிஸ்கி: சார் நல்லவர். மார்க்கில் கை வைக்கவில்லை. :-)