பழைய எஞ்சினுக்கு சிந்தெட்டிக் ஒயில்: இலாபமா, நட்டமா?

வியாபாரிகளாகிய நாம் ஒரு யார் துணியில் பத்து ரூபா கூடினாலும் கணக்குப் பார்க்கின்றோம். ஆனால் சரக்கு ஏற்றும் வானின் எஞ்சினுக்குள் என்ன ஊற்றப்படுகின்றது என்பதை மாத்திரம் கராஜிலுள்ள பாஸின் கையில் விட்டுவிடுகின்றோம்.

அண்மையில் நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். கல்முனையிலிருந்து புறக்கோட்டைக்கு வாராவாரம் துணி எடுக்க வருபவர். அவருடைய டீசல் வான் மூன்று இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. "முதலாளி, சிந்தெட்டிக் ஒயில் போடுங்க, எஞ்சின் புதுசு மாதிரி ஓடும்" என்று ஒரு கராஜில் சொல்லியிருக்கின்றார்கள். இன்னொரு கராஜிலோ, "பழைய எஞ்சினுக்கு அதைப் போட்டா ஒயில் ஒழுகும், கிட்டயும் போகாதீங்க" என்றார்களாம். எதை நம்புவது என்று என்னிடம் கேட்டார். இரண்டுமே அரைகுறை உண்மைகள் என்பதே எனது கருத்து.

இது அவருடைய பிரச்சினை மட்டுமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் பரவலாக மீண்டும் ஆரம்பமானது. இன்றைய விலையில் புதிய வான் வாங்குவது எல்லோராலும் முடிகின்ற காரியமல்ல. எனவே பழைய எஞ்சினைக் காப்பாற்றுவது முதலைக் காப்பாற்றுவதற்குச் சமம்.

முதலில் ஒழுகும் என்ற பயத்தைப் பார்ப்போம். 1970களில் வந்த சில சிந்தெட்டிக் ஒயில்கள் அன்றைய றப்பர் சீல்களுக்கு ஒத்துவரவில்லை. அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது. இன்றைய ஒயில்களில் அந்தக் குறை நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் பல வருடங்கள் ஓடிய எஞ்சினில் சீல் காய்ந்து இறுகியிருக்கும். அதிலுள்ள வெடிப்பைப் பழைய அழுக்கு அடைத்துக்கொண்டிருக்கும். புதிய ஒயில் அந்த அழுக்கைக் கழுவும்போது கசிவு வெளியே தெரியும். அது ஒயிலின் குற்றமல்ல, ஏற்கனவே இருந்த நோய்.

"புதுசு மாதிரி ஓடும்" என்பதும் அப்படித்தான். தேய்ந்த பிஸ்டன் றிங்கை எந்த ஒயிலும் வளர்த்துத் தராது. சிந்தெட்டிக் ஒயில் கடும் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெடாது. டர்போ உள்ள எஞ்சினுக்கும், பாரம் ஏற்றிக்கொண்டு மலையேறும் வாகனத்துக்கும் இது பெரிய நன்மை. கடுங்குளிரில் இலகுவாக ஸ்டார்ட் ஆகும் என்ற அதன் மற்றச் சிறப்புக்கு எமது காலநிலையில் அவ்வளவு வேலையில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, எஞ்சினுக்கு 6 லீற்றர் தேவை. மினரல் ஒயில் லீற்றர் 2,500 ரூபா, சிந்தெட்டிக் 6,000 ரூபா, பில்டர் 2,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 10,000 கிலோமீற்றருக்குள் மினரல் ஒயிலை இரண்டு தடவை மாற்றினால் 34,000 ரூபா. சிந்தெட்டிக்கை ஒரு தடவை மாற்றினால் 38,000 ரூபா. வித்தியாசம் 4,000 ரூபாதான். ஆனால் அதே எஞ்சின் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் குடிக்குமானால், மினரலுக்கு 59,000 ரூபா, சிந்தெட்டிக்குக்கு 98,000 ரூபா! விலை கூடிய ஒயிலை வாங்கி சைலன்சர் வழியே புகையாக விடுவது வியாபாரமா?

ஆகவே ஒயில் கடைக்குப் போகுமுன் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். சமதரையில் எஞ்சின் ஆறிய பின் அளவைக் குறித்துவைத்து, 1,000 கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் பாருங்கள். அளவு குறையாமலும், நீலப்புகை இல்லாமலும், நிலத்தில் ஒயில் சொட்டாமலும் இருந்தால் தாராளமாக மாறலாம். இல்லாவிட்டால் அந்தக் காசைச் சீலுக்கும் றிங்குக்கும் செலவழியுங்கள். அதுவரை தரமான மினரல் ஒயிலை நேரத்துக்கு மாற்றினாலே போதும்.

மாறுபவர்களுக்கும் மூன்று விடயங்கள். ஒன்று, தடிப்பு இலக்கத்தை இஷ்டத்துக்குக் குறைக்க வேண்டாம். 15டபிள்யூ-40 பாவித்த எஞ்சினுக்கு 10டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40 பொருந்தும். இன்னும் மெல்லிய ஒயிலுக்கு வாகனக் கைநூலில் அனுமதி இருக்க வேண்டும். இரண்டு, டீசல் எஞ்சினுக்கு ஏபிஐ தர அடையாளத்தில் 'சி' வரிசை ஒயிலையே கேட்டு வாங்குங்கள். மூன்று, முதல் தடவை பழைய அழுக்கு கழுவப்பட்டு வரும் என்பதால் 5,000 கிலோமீற்றரிலேயே ஒயிலையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள். இடைவெளியைக் கூட்டுவது அதற்குப் பிறகுதான், அதுவும் கைநூல் இடமளித்தால் மாத்திரமே.

நண்பர் தனது வானைப் பரிசோதித்துப் பார்த்தார். ஆயிரம் கிலோமீற்றருக்குள் முக்கால் லீற்றர் குறைந்திருந்தது. இப்போது அவர் றிங் மாற்றுவதற்குக் காசு சேர்க்கின்றார். கடைக்குக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் நாம், வானுக்கும் ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தால் என்ன?